சொல்லிச் செய்தல்

சொல்லிச் செய்தல் என்பது, கடையில் அடுக்கியிருப்பதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளாமல், வேண்டியவர் தம் தேவையைக் கைவினைஞரிடம் சொல்லித் தமக்கென ஒரு பொருளைச் செய்வித்துக்கொள்ளும் முறையாகும். நகை, கதவு, அரிவாள், கலப்பை, மேளம், சட்டை என்று சில தலைமுறைகளுக்கு முன்பு வரை வீட்டிலும் காட்டிலும் புழங்கிய பொருள்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கைக்கு வந்தன. ஆலைப் பொருள்கள் மலிந்த பிறகு இம்முறை சுருங்கியது; முற்றிலும் மறையவில்லை. அண்மைக் காலத்தில் பெயர் பொறித்த கோப்பை, படம் அச்சிட்ட சட்டை, கைவேலைக் காதணி என்று வேறு வடிவங்களில் மீண்டும் பரவியிருக்கிறது.

ஒன்றே ஒன்றாகச் செய்யப்பட்ட பொருளின் மேல் மக்களுக்கு ஏன் இவ்வளவு விருப்பம் என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, "இதுபோல் வேறு யாரிடமும் இல்லை" என்னும் பெருமை என்பதே. மதுரை வட்டாரத்தில் இன்றும் நடைபெறும் சில கைவினைகளைப் பார்த்தால் இந்த விடை போதாது என்று தெரிகிறது. இங்கே சொல்லிச் செய்யப்படும் பொருள்களில் மிகச் சிறப்பானவற்றை யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. செய்பவரும் தம் கற்பனையைக் காட்டுவதற்காக அவற்றைச் செய்வதில்லை. இன்ன ஊருக்காக, இன்னாருடைய வேண்டுதலுக்காக, இந்தக் கையால் ஆனது என்பதே அவற்றைத் தனிப்பொருளாக்குகிறது.

விளாச்சேரி

பசுமலை, மதுரை நகரிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில் உள்ள சிறு குன்றும் அதன் அடிவாரக் குடியிருப்பும் ஆகும். அமெரிக்க மதுரை மிஷன் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே தன் கல்வி நிலையங்களை அமைத்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியின் தொடக்கமும் இங்கேதான். பசுமலைக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் மேற்கே சிறு தொலைவில் விளாச்சேரி உள்ளது. தமிழ் படித்தவர்களுக்கு இவ்வூர், 1870-இல் இங்கே பிறந்த பரிதிமாற் கலைஞரால் தெரியும். சூரியநாராயண சாஸ்திரி என்ற தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட அவருடைய இல்லம் இப்போது அரசு நினைவில்லமாக உள்ளது. மற்றவர்களுக்கு விளாச்சேரி என்றால் பொம்மை.

இங்குள்ள வேளார் குடும்பங்கள் மண்ணிலும் காகிதக் கூழிலும் உருவங்கள் செய்கின்றன. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு விழாவுக்கான வேலை இருந்துகொண்டே இருக்கும். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், கோகுலாஷ்டமிக்குக் கண்ணன், நவராத்திரிக்குக் கொலு பொம்மைகள், கார்த்திகைக்கு விளக்கு, கிறிஸ்துமஸுக்குக் குடில் உருவங்கள் என்று வேலை மாறும். கொலுப் படியில் அமரும் தசாவதாரத்தையும் மாட்டுத் தொழுவத்தில் கிடத்தப்படும் குழந்தை இயேசுவையும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே கையே செய்கிறது.

பொம்மைகள் பெரும்பாலும் அச்சில் ஆனவை. முதலில் ஒரு மூல உருவம் கையால் செய்யப்படும். அதன்மேல் சுண்ணச்சாந்து ஊற்றி முன், பின் என இரண்டு அச்சுகள் எடுக்கப்படும். அச்சில் மண்ணை அழுத்தி இரு பாதிகளையும் ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு, வெள்ளைப் பூச்சு அடித்து வண்ணம் தீட்டுவார்கள். அச்சிலிருந்து வரும்போது நூறு பொம்மைகளும் ஒன்றுபோலவே இருக்கும். தூரிகை பட்டபிறகுதான் அவை பிரிகின்றன. புருவத்தின் வளைவு, சேலைக் கரையின் அகலம், கடைசியாக எழுதப்படும் கண் ஆகியவை ஒவ்வொரு பொம்மையிலும் சற்றே மாறும். கொலு வைக்கும் வீட்டார் கடையில் ஒரே செட்டில் நாலைந்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முகம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

இதிலும் சொல்லிச் செய்யும் பகுதி உண்டு. பாட்டி காலத்துப் பொம்மையை எடுத்துவந்து உடைந்த கையை ஒட்டி, வண்ணம் மட்டும் புதிதாகத் தீட்டித் தரச் சொல்வார்கள். கடையில் இல்லாத காட்சி ஒன்றைச் சொல்லி ஒரு தொகுதியாகச் செய்யக் கேட்பார்கள். அச்சு இல்லாத உருவம் கேட்டால் மூல உருவத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்பதால் விலை கூடும். அந்த ஒன்றுக்காகச் செய்த அச்சு பிறகு பட்டறையில் தங்கி, அடுத்த ஆண்டு எல்லாருக்குமான சரக்காக மாறிவிடுவதும் நடக்கும். தனிப்பொருளுக்கும் பொதுச் சரக்குக்கும் இடையிலான கோடு அவ்வளவு மெல்லியது.

பிடிமண்

மண் வேலையில் அச்சுக்கு இடமே இல்லாத பகுதி, அய்யனார் கோயில்களுக்குச் செய்யப்படும் புரவி. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைப்பது புரவி எடுப்பு எனப்படுகிறது. கண்மாய்க் கரையிலும் ஊர் எல்லையிலும் இருக்கும் அய்யனார் இரவில் குதிரையேறி ஊரைக் காவல் காப்பதாக நம்பிக்கை. எடுக்கும் மாதம் ஊருக்கு ஊர் வேறுபடும். மழை தவறிய ஆண்டில், நோய் பரவிய ஆண்டில், ஊருக்குள் வழக்கு இருக்கும்போது எடுப்பதில்லை என்று பல ஊர்களில் வழக்கம் இருப்பதால், எல்லா ஆண்டும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

புரவி செய்யச் சொல்லும் முறைக்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறித்து, ஊர் மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, வெற்றிலை பாக்கு பணத்தோடு வேளாரிடம் கொடுப்பார்கள். வேளார் அந்த மண்ணைத் தாம் குழைக்கும் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்து குதிரை செய்யத் தொடங்குவார். பிடிமண் கைமாறிய பிறகு அந்த வேலையை வேறொருவரிடம் மாற்றிக் கொடுப்பதில்லை. எந்த ஊருக்கு எந்த வேளார் குடும்பம் செய்ய வேண்டும் என்ற உரிமையும் தலைமுறையாக வருவது. இன்றைய சொல்லில் இதை முன்பதிவு எனலாம். ஆனால் பதிவுச் சீட்டு, செய்யப்படும் பொருளுக்குள்ளேயே குழைந்துவிடுகிறது. ஒரு ஊரின் குதிரை இன்னொரு ஊரின் குதிரையைப் போலவே தோன்றலாம். கழுத்தணி, சேணம், முன்னால் தொங்கும் மணி எல்லாம் மரபாக வருபவை. இருந்தும் அது இந்த ஊரின் குதிரை, ஏனென்றால் இந்த ஊரின் மண் அதில் இருக்கிறது.

செய்யும் முறை கடினமானது. களிமண்ணோடு மணலும், நறுக்கிய வைக்கோல் அல்லது உமியும் சேர்க்கப்படும். இல்லாவிட்டால் தடித்த மண் உலரும்போது வெடிக்கும். நான்கு கால்களும் உள்ளே வெற்றிடமுள்ள உருளைகளாக முதலில் எழுப்பப்படும். அவை தன் எடையைத் தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகே அவற்றின் மேல் வயிறு கட்டப்படும். பிறகு கழுத்து, தலை, அணிகள். ஒவ்வொரு நிலையிலும் மண் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். ஈரம் மிகுந்தால் மேற்பகுதி கீழ்ப்பகுதியை நசுக்கும். காய்ந்துவிட்டால் புதுமண் பழையமண்ணோடு ஒட்டாது. முழுதும் உலர்ந்தபின் விறகு, வறட்டி, வைக்கோல் அடுக்கி, மேலே மண் பூசிச் சூளை மூட்டுவார்கள். முழங்கால் உயரத்திலிருந்து ஆளை மிஞ்சும் உயரம் வரை குதிரைகள் உண்டு.

எடுப்பு நாளன்று வண்ணம் தீட்டிய குதிரைகளுக்கு மாலையிட்டு, கண் திறந்து, வேளார் இருக்கும் இடத்திலிருந்து கோயில் வரை ஊரார் தோளில் சுமந்து செல்வார்கள். சிவகங்கைச் சீமையில் முதலில் செல்வதற்கு அரண்மனைப் புரவி என்று பெயர்; அதற்குப் பின் ஊர்ப் புரவியும் தனி ஆட்கள் நேர்ந்துகொண்டவையும் செல்லும். கோயிலில் இறக்கி வைத்த பிறகு அவற்றை யாரும் பராமரிப்பதில்லை. வெயிலும் மழையும் பட்டு, முதலில் வண்ணம் போகும். பிறகு காது, பிறகு தலை. அடுத்த முறை எடுக்கும் குதிரை அதன் பக்கத்திலேயே நிற்கும். பழைய அய்யனார் கோயில்களில் வரிசை வரிசையாக நிற்கும் உடைந்த குதிரைகள், கவனிப்பாரற்றுப் போனவை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் அவை தம் வேலையை முடித்துவிட்டவை.

தனி ஆட்கள் நேர்ந்துகொள்ளும் உருவங்களில் சொல்லிச் செய்வது இன்னும் நுணுக்கமாகிறது. பிள்ளை வரம் கேட்டவர் மதலை எனப்படும் குழந்தை உருவம் கொடுப்பார். கால் வலி தீர்ந்தவர் கால், கண் நோய் நீங்கியவர் கண்மலர், மாடு பிழைத்தவர் மாடு, பாம்புக்கடியிலிருந்து தப்பியவர் நாகம் என்று கொடுப்பார்கள். வேளாரிடம் வருபவர் வடிவத்தைச் சொல்வதில்லை, நடந்ததைச் சொல்கிறார். அதற்குரிய உருவம் எது என்பது இருவருக்கும் தெரியும். ஒருவரின் வாழ்க்கையில் நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு அளவெடுத்துச் செய்த பொருள் என்று இதைச் சொல்லலாம். ஆயினும் பார்வைக்கு அது பத்து மதலைகளில் ஒரு மதலைதான்.

இந்த வேளார்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ். வேளார்களின் பணியைப் பற்றிய அவருடைய நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980-இல் வெளியிட்டது. வேளார் மண் உருவம் செய்பவர் மட்டும் அல்லர். பல கோயில்களில் பூசாரியும், அருள் வந்து ஆடும் சாமியாடியும் அவரே என்பதை அவர் எடுத்துக்காட்டினார். சாமி தங்குவதற்கு மண்ணில் உருவம் செய்பவரின் உடலே சாமி இறங்கும் உருவமாகவும் இருக்கிறது. இரண்டுமே சிறிது காலத்துக்கு மட்டும்.

உடைமையும் உழைப்பும்

மேலைநாட்டு உளவியல் ஆய்வுகள் தனிப்பொருளின் ஈர்ப்பைப் பெரும்பாலும் உடைமையோடு சேர்த்தே பார்க்கின்றன. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோசன், டான் ஏரியலி ஆகிய மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. பாகங்களை வீட்டில் பூட்டிக்கொள்ளும் அறைகலன்களை விற்கும் சுவீடன் நிறுவனத்தின் பெயரால் அதை இகேயா விளைவு என்கிறார்கள். பயிற்சி இல்லாதவர்களைக் காகிதத்தில் கொக்கும் தவளையும் மடிக்கச் சொல்லி, அதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டபோது, செய்தவர்கள் தம் கோணல் கொக்குக்குத் தேர்ந்தவர் மடித்ததற்கு நிகரான விலை சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு அது கசங்கிய தாளாகத்தான் தெரிந்தது. செய்ததை உடனே பிரித்துப் போட்டாலோ, வேலையை முடிக்க விடாமல் நிறுத்தினாலோ இந்த விளைவு மறைந்துபோனது என்பதும் அவர்கள் கண்டது.

பிடிமண்ணை இதோடு ஒப்பிட்டால் ஒரு பக்கம் பொருந்துகிறது, ஒரு பக்கம் பொருந்தவில்லை. மண்ணெடுத்துக் கொடுப்பது, நாள் குறிப்பது, விரதம் இருப்பது, தோளில் சுமப்பது ஆகியவற்றால் ஊராரும் செய்தவர்களில் ஒருவராகிறார்கள். தங்கள் கை பட்டதால் மதிப்பு கூடுகிறது என்பது சரி. ஆனால் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விருப்பம் அங்கே இல்லை. வெளியில் விட்டு அழியவிடும் பொருளுக்குத்தான் அத்தனை உழைப்பும். தனிப்பொருளின் மதிப்பு வைத்திருப்பதில் இருக்கிறது என்ற கருத்து, கடையிலிருந்து வீட்டுக்குப் பொருள் போகும் வழக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்பட்டது என்றே தோன்றுகிறது.

இந்தப் பொருளில் முன்பே எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947). கொழும்பில் பிறந்த இவர், ஈழத்தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன். இலங்கைக் கைவினைகளைப் பற்றி இவர் எழுதி 1908-இல் வெளிவந்த பெருநூல், இங்கிலாந்தில் கைத்தொழில் இயக்கத்தைத் தொடங்கிய வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியில் அச்சானது. ஆலைப் பொருளை எதிர்த்து எழுதிய நூலையும் கையாலேயே ஆக்கிவிட்டார்கள். இந்தியக் கைவினைஞர் பற்றி 1909-இல் எழுதிய சிறுநூலில், ஊரோடு கட்டுண்ட கைவினைஞனையும், அவன் தொழிலுக்கு ஊர் தந்த பாதுகாப்பையும் அவர் போற்றினார். புதுமைக்காகப் புதுமை செய்வது மரபுக் கலைஞனின் நோக்கம் அல்ல, தேவைக்குச் சரியாகப் பொருந்துவதே அவன் நோக்கம் என்பது அவருடைய வாழ்நாள் வாதம். வேளாரின் மதலையைப் பார்த்தால் இது சரியென்று தோன்றும். அவர் குறைவாகப் பேசியது அந்தக் கட்டின் மறுபக்கத்தை. ஊர் சொன்னால் செய்துதான் ஆக வேண்டும். கூலி, களத்தில் அளக்கும் நெல்லாக, கொடுப்பவர் மனம்போல் வரும். தொழிலை விட்டுப் போக வழியில்லை. சொல்லிச் செய்வித்தவருக்கும் செய்தவருக்கும் இடையில் இருந்த உறவு எல்லா இடத்திலும் அன்பான உறவாக இருந்தது என்று சொல்ல முடியாது.

சுருதிக்கு அளவெடுத்த பானை

தேவைக்குப் பொருந்துவது என்பதற்கு மதுரைப் பகுதியில் இன்னும் கறாரான ஓர் எடுத்துக்காட்டு மானாமதுரைக் கடம். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 50 கி.மீ. தொலைவில் வைகைக் கரையில் மானாமதுரை உள்ளது. அவ்வூர் மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுப்பேறும் பானையைப் போலவே தோற்றம் தந்தாலும் கடம் வேறு பொருள். சுவர் தடித்தது, எடை மிகுந்தது. அடித்தால் உலோகத்தைப் போன்ற கணீர் ஒலி எழும்.

மிருதங்கத்தின் சுருதியைக் கச்சேரி மேடையிலேயே வாரைத் தட்டிக் கூட்டவோ குறைக்கவோ முடியும். கடத்தில் அது முடியாது. சூளையிலிருந்து வெளிவரும்போது என்ன சுருதி இருக்கிறதோ அதுதான் அதன் ஆயுள் முழுவதுக்கும். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டையைச் சுற்றியும், பெண் பாடகர்கள் ஐந்து கட்டையைச் சுற்றியும் பாடுவதால், கடக் கலைஞர் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு கடம் வைத்திருக்க வேண்டும். எனவே வாங்க வருபவர் பானை கேட்பதில்லை. இன்ன கட்டையில் கடம் கேட்கிறார்.

செய்பவர் வேலை அங்கே தொடங்குகிறது. சக்கரத்தில் வனைந்து எடுத்த மண்ணை, உள்ளே கல்லை அணைகொடுத்து வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஓரிடத்தில் கனம் பிசகினால் அந்த இடத்தில் நாதம் செத்துவிடும். பச்சை மண்ணாக இருக்கும் கடம் உலர்ந்து, சுட்டபின் எவ்வளவு சுருங்கும், சுருங்கினால் எந்தச் சுருதியில் நிற்கும் என்பதை முன்கூட்டியே கணித்து அளவு வைக்க வேண்டும். கணிப்பு தவறினால் கடம் வீணாகாது; ஆனால் கேட்டவருக்கு உரியதாக இருக்காது. இத்தொழிலில் ஈடுபட்ட மானாமதுரை மீனாட்சி அம்மாள் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தரும் விருது, மண்ணைத் தட்டிய கைக்கும் வந்தது. விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த, 1991-இல் வெளிவந்த பிளானட் டிரம் இசைத்தொகுப்பு கிராமி விருது பெற்றதற்குப் பிறகு, தென்னாட்டுப் பானை ஒன்று இசைக்கருவி என்பது வெளிநாடுகளிலும் தெரிந்த செய்தியாயிற்று.

கடத்தில் எந்த அலங்காரமும் இல்லை, பெயர் பொறிப்பதும் இல்லை. மண் நிறத்தில் ஒன்றுபோல் தோன்றும் பத்துக் கடங்கள் வரிசையாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு காதுக்கு மட்டும் தெரியும்.

முடிச்சும் அச்சும்

சுங்குடிச் சேலையின் நிலை இதற்கு நேர்மாறானது. மதுரைச் சௌராட்டிரர்களின் கைவேலையான இது 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. பருத்தித் துணியில் நகத்தால் சிறு சிறு துளியாகக் கிள்ளிப் பிடித்து, ஒவ்வொன்றையும் நூலால் இறுக்கி முடிவார்கள். சாயத்தில் தோய்த்து உலர்ந்தபின் நூலைப் பிரித்தால், சாயம் ஏறாத இடம் வெண்புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். வீட்டு வேலைகளுக்கு இடையே பெண்கள் முடிவது இது. கூலியும் முடிச்சுக் கணக்கில்தான்.

முடிச்சுச் சுங்குடியில் எந்த இரண்டு புள்ளியும் ஒன்றல்ல. ஒன்று வட்டமாகவும் ஒன்று சதுரமாகவும், ஒன்றின் நடுவில் சாயம் கசிந்தும் இருக்கும். கிள்ளிய இடத்தில் துணி மெல்லச் சுருங்கி நிற்பதையும் விரலால் தடவி உணரலாம். முடிச்சை அவிழ்க்காமலே விற்பனைக்கு வைப்பதும் உண்டு. வாங்குபவர் எதிரிலேயே பிரித்துக் காட்டினால் ஐயம் தீர்ந்துவிடும். இன்று சுங்குடி என்ற பெயரில் கடையில் மிகுதியாகக் கிடைப்பது மெழுகு அச்சிலும் திரை அச்சிலும் ஆனது. அதில் புள்ளிகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், வழுவழுவென்று இருக்கும்.

நிறங்களிலும் வடிவங்களிலும் பார்த்தால் அச்சுச் சுங்குடிக்குத்தான் வகை மிகுதி. விலையும் குறைவு, அன்றாடம் உடுத்தவும் துவைக்கவும் வசதி. அதை வாங்குபவர் ஏமாந்தவர் என்று சொல்வது நியாயமன்று. கேடு வேறிடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே பெயரில் ஒரே அலமாரியில் அடுக்கப்படும்போது, முடிச்சுச் சேலையின் விலைக்குக் காரணம் வாங்குபவருக்குத் தெரிவதில்லை; அச்சுச் சேலையின் விலையை வைத்தே முடிச்சுக் கூலி பேரம் பேசப்படுகிறது. நாள் முழுவதும் குனிந்து முடிந்தாலும் வேறு வேலைக்குக் கிடைக்கும் கூலி கிடைக்காத நிலையில், இளைய தலைமுறைப் பெண்கள் இதைக் கற்றுக்கொள்ள வருவது குறைந்துவிட்டது.

உடையில் சொல்லிச் செய்வதற்கு மதுரையில் இன்னொரு இடம், திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் நெடுங்காலம் கடை போட்டிருந்த தையற்காரர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொள்பவர்களுக்குச் சல்லடம், கச்சை, தலைக்கான உருமால் ஆகியவற்றை அளவெடுத்துத் தைப்பவர்கள் அவர்கள். தேர்த் தொம்பைகளும் கோயில் குடைகளும் அவர்கள் வேலையே. மண்டபம் சீரமைப்புக்கு உட்பட்டபோது கடைகள் வேறிடத்துக்கு மாறின. வாடிக்கையாளர்கள் மட்டும் மாறவில்லை. அப்பாவுக்குத் தைத்தவரிடமே மகனுக்கும் அளவு கொடுப்பது இங்கே வழக்கம்.

இப்போதைய நிலை

புரவி எடுப்பில் நிகழ்ந்திருக்கும் பெரிய மாற்றம் சிமெண்ட். பல ஊர்களில் மண் குதிரைக்குப் பதிலாகக் கம்பி கட்டிச் சிமெண்டில் குதிரை எழுப்பி, எனாமல் வண்ணம் அடித்துவிடுகிறார்கள். பெரிதாக இருக்கிறது, மழைக்குக் கரையாது, கொடுத்தவர் பெயரையும் பீடத்தில் எழுதிக்கொள்ளலாம். நன்கொடையாளரின் நோக்கில் இது சரியான தேர்வுதான். ஆனால் கரையாத குதிரையை அடுத்த முறை செய்ய வேண்டியதில்லை. மண் குதிரை அழிந்துபோவதால்தான் பிடிமண் திரும்பத் திரும்பக் கொடுக்கப்பட்டது. அதனால்தான் அப்பா செய்வதைப் பார்த்து மகன் கற்றுக்கொள்ள வாய்ப்பு வந்தது. ஆள் உயரக் குதிரையின் காலை எப்போது நிறுத்தி எப்போது வயிறு கட்ட வேண்டும் என்பதை ஏட்டில் எழுதி வைத்துக் கற்க முடியாது. இருபது ஆண்டு எடுப்பு நடக்காத ஊருக்கு மீண்டும் மண் குதிரை வேண்டுமென்றால், உரிமையுள்ள வேளார் குடும்பம் இருக்கலாம், செய்யத் தெரிந்த கை இருக்காது.

மண் கிடைப்பதும் எளிதல்ல. மண்பாண்டத் தொழிலாளர் கண்மாய்களில் கட்டணமின்றி மண் எடுக்க 1959-ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அதற்கான அனுமதி நெடுங்காலம் மாவட்ட ஆட்சியர் அளவில் பெற வேண்டியதாக இருந்தது. வண்டல் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியரே தரலாம் என்று 2024-இல் தமிழக அரசு மாற்றியது. கண்மாய் நிரம்பியிருக்கும் மாதங்களில் மண் எடுக்க முடியாது. ஈரக்காற்றில் உலர்த்தவும் முடியாது. இதனால் மழைக்காலத்தில் இத்தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது.

செய்யச் சொல்பவர்கள் அறிய வேண்டியவை

மண்ணில் சொல்லிச் செய்ய விரும்புபவர் வெயில் மாதங்களில் சொல்வது நல்லது. நவராத்திரிக்கு வேண்டிய புதிய தொகுதியை ஆவணியில் போய்க் கேட்டால், அச்சில் இருப்பதற்கு வண்ணம் மாற்றித் தரத்தான் நேரம் இருக்கும். அச்சு இல்லாததைச் சித்திரை, வைகாசியிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது முன்பணம் கொடுப்பது வழக்கம். படத்தைக் காட்டி அப்படியே வேண்டும் என்று கேட்பதைவிட, எங்கே வைக்கப்போகிறோம், யாருக்காக, எவ்வளவு உயரம், கூடவே என்னென்ன பொம்மைகள் இருக்கும் என்று சொன்னால் செய்பவருக்கு வேலை எளிதாகிறது. பழைய பொம்மைக்கு வண்ணம் தீட்டக் கொடுப்பவர், பழைய நிறமே வேண்டுமா புதிய நிறம் வேண்டுமா என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை வெள்ளைப் பூச்சு ஏறிவிட்டால் அடியில் இருந்த நிறத்தை மீட்க முடியாது. சூளையில் ஓரிரண்டு வெடிப்பது இயல்பு. அப்படி வெடித்தால் மீண்டும் செய்து, உலர்த்தி, சுட இரண்டு மூன்று வாரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்தே நாள் குறிக்க வேண்டும்.